சேவ் அழுத்தினால் எது சேமிக்கப்படுகிறது? மென்படல மென்பொருள் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

ஒளியியல் மென்படலப் பூச்சுகளை வடிவமைக்கும் மென்பொருள்களை எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் மென்பொருள்களின் கணக்குத் திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எதிரொளிப்பைக் கூட்டவோ குறைக்கவோ கண்ணாடிமேல் மெல்லிய அடுக்குகளாகப் போடும் பூச்சுக்கு 40 அடுக்கு வடிவத்தைக் கொடுத்தால் கண்மூடித் திறப்பதற்குள் மெருகேற்றித் தருகின்றன. மெனுவின் இடது கோடியில் இருக்கும் ஃபைல் மட்டும் சவலைப்பிள்ளையாகவே கிடக்கிறது. கணக்கு சரி, பூச்சு போடும் வெற்றிட அறையான சேம்பரும் சரி, இருந்தும் பூச்சு தவறிவிட்டது என்று தேடிப்போனால், காரணம் பல நேரம் ஓப்பன், சேவ், இம்போர்ட், எக்ஸ்போர்ட் நான்கில் ஒன்றில் போய் நிற்கிறது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் சேவ். வடிவக் கோப்புக்குள் இருப்பது என்ன? அடுக்கு எண், பொருளின் பெயர், தடிமன். பெயர்தான் இருக்கிறது, அந்தப் பொருளின் ஒளிவிலகல் எண்கள் பெரும்பாலும் இல்லை. அவை வேறொரு ஃபோல்டரில், பொருள் தரவுத்தளத்தில் இருக்கின்றன. ‘டைட்டானியா’ என்ற பெயரில் இன்று 550 நானோமீட்டருக்கு 2.35 என்று இருக்கலாம். கண்ணாடியின் சூடு, ஆக்சிஜன் அழுத்தம், அயனித் துணை (பூசும்போது அயனிகளால் மோதி அடுக்கை இறுக்குவது) உண்டா இல்லையா என்பதைப் பொறுத்து அதே பொருள் 2.25 ஆகவும் வரும். புது அளவீடு கைக்கு வந்ததும் யாரோ ஒருவர் பழைய பெயரிலேயே அட்டவணையை மாற்றிச் சேமித்துவிடுகிறார். அந்தப் பெயரை நம்பியிருந்த பழைய வடிவங்கள் எல்லாம் அப்போதே மாறிவிடுகின்றன. அவற்றில் ஒன்றைக்கூட யாரும் திறக்கவில்லை.

எப்படி மாறுகின்றன என்பதில்தான் விஷமமே இருக்கிறது. 550-ஐ மையமாகக் கொண்ட கால் அலை ஆடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்; அதில் ஒவ்வோர் அடுக்கின் ஒளியியல் தடிமனும் (தடிமன் பெருக்கல் ஒளிவிலகல் எண்) அலைநீளத்தில் கால் பங்கு. டைட்டானியாவும் சிலிக்காவும் மாறி மாறி 15 அடுக்கு, இரு முனையிலும் டைட்டானியா. கோப்பு தடிமனை நானோமீட்டரில் வைத்திருந்தால் டைட்டானியா 58.5, சிலிக்கா 94.2. ஒளிவிலகல் எண் 2.35-இலிருந்து 2.25 ஆனதும் ஓர் இணையின் ஒளியியல் தடிமன் 275-இலிருந்து 269 ஆகிறது; ஆடியின் மையம் 538-க்கு நகர்கிறது. நல்லதுதான், திரையிலேயே தெரிந்துவிடும். கோப்பு தடிமனைக் கால் அலைகளின் எண்ணிக்கையாக வைத்திருந்தால் கதை வேறு. மையம் 550-இலேயே அசையாமல் நிற்கும். பட்டை சற்றே குறுகியிருக்கும், அதை யாரும் கவனிக்கப்போவதில்லை. உள்ளே மட்டும் டைட்டானியா 58.5-இலிருந்து 61.1 ஆகியிருக்கும். எட்டு அடுக்கில் 21 நானோமீட்டர் கூடுதல். எக்ஸ்போர்ட் கொடுத்தால் சேம்பருக்குப் போவது இந்தப் புது எண்கள். சேம்பரோ இன்னும் பழைய 2.35-ஐயே தந்துகொண்டிருக்கிறது என்றால் ஆடி 562-இல் வந்து உட்காரும்.

எனவே முதல் கோரிக்கை: சேவ் கொடுக்கும்போது, அந்த வடிவம் பயன்படுத்திய ஒவ்வொரு பொருளின் அட்டவணையையும் கோப்புக்குள்ளேயே எழுதிவையுங்கள். அலைநீளம், என் (ஒளிவிலகல் எண்), கே (ஒளி உறிஞ்சலைக் குறிக்கும் எண்) என மூன்று பத்தி, 200 வரி என்றாலும் ஒரு பொருளுக்குச் சில கிலோபைட்தான். ஓப்பன் செய்யும்போது அதைத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் சொல்லுங்கள். ‘பொருள் தரவு மாறியுள்ளது’ என்று பொத்தாம்பொதுவாக அல்ல. ‘டைட்டானியா, 550-இல் கோப்பில் 2.350, தரவுத்தளத்தில் 2.250, எதை எடுக்க?’ என்று கேளுங்கள். இலக்குகள் (எந்த அலைநீளத்தில் எவ்வளவு எதிரொளிப்பு வேண்டும் என்பவை), கண்ணாடியின் தரவு, ஒளிமூலம், உணர்வியின் வளைகோடு எல்லாம் இதே வழியில் ஒரே கோப்பாகப் போய்ச் சேர்ந்தால், வேறொருவர் கணினியில் திறந்தாலும் அதே வரைபடம் வரும்.

கால் அலையைக் கணக்கிட அடிப்படையாகும் குறிப்பு அலைநீளமும் இந்த வகைதான். அதை 550-இலிருந்து 1064-க்கு மாற்றினால் ஒரு மென்பொருள் கால் அலை எண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொண்டு எல்லா அடுக்குகளையும் தடிமனாக்குகிறது. இன்னொன்று தடிமனை அப்படியே வைத்துக்கொண்டு எண்ணிக்கையைத் திருத்துகிறது. இரண்டுக்கும் நியாயம் உண்டு. எதைச் செய்தது என்று கோப்பில் ஒரு வரி இருந்தால் போதும்.

அடுத்தது, கை பழகிப்போன கன்ட்ரோல்-எஸ். மெருகேற்றல் முடிந்ததும் விரல் தானாக அங்கே போகிறது. பழைய தடிமன்கள் போய்விட்டன. இலக்கில் ஒரு கோணத்தைச் சேர்க்க மறந்திருந்தது என்று பத்து நிமிடம் கழித்துத் தெரிந்தால், திரும்பிப் போக வழியில்லை. அன்டூ இருக்கிறதே என்பீர்கள். கோப்பை மூடித் திறந்தால் அது இல்லை. ரிவர்ட் இருக்கிறதே என்பீர்கள். அது கடைசியாகச் சேமித்ததற்குத்தான் போகும், கடைசியாகச் சேமித்ததே இந்தத் தவறானதுதான். ஒரு வடிவத்தின் எண்கள் ஒரு குறுஞ்செய்தி அளவுதான் இருக்கும். சேவ் ஒவ்வொன்றையும் கோப்புக்குள் ஒரு பதிப்பாக அடுக்கிவைப்பதில் என்ன சிரமம்?

மூடும்போது வரும் ‘மாற்றங்களைச் சேமிக்கவா?’ என்ற கேள்வி இன்னும் மோசம். வரைபடத்தின் அச்சை 0–100-இலிருந்து 0–1-க்கு மாற்றினாலும் அதே கேள்வி. மூன்றாம் அடுக்கு 12 நானோமீட்டர் மாறியிருந்தாலும் அதே கேள்வி. நாளுக்கு முப்பது முறை இதைப் பார்க்கிறவர் படிக்காமலே ‘ஆம்’ அழுத்துவார். தோற்றம் மாறினால் கேட்காமல் சேமித்துவிடுங்கள். தடிமன் மாறினால் எந்த அடுக்கு, எவ்வளவிலிருந்து எவ்வளவு என்று காட்டிவிட்டுக் கேளுங்கள்.

இம்போர்ட்டுக்கு வருவோம். அளவீட்டுக் கருவியிலிருந்து வரும் எழுத்துக் கோப்பு எளிமையானதுபோல் தெரியும். அலைநீளம் ஒரு பத்தி, மதிப்பு ஒரு பத்தி. ஆனால் நிறமாலைமானிகள் பல 800-இல் தொடங்கி 380-க்கு இறங்கி வருகின்றன. ஏறுவரிசையை எதிர்பார்க்கும் இடைச்செருகல் (இரு அளவீடுகளுக்கு நடுவே உள்ள மதிப்பைக் கணக்கிடுவது) அதில் தடுமாறுகிறது. தசமத்துக்குக் காற்புள்ளி இடும் கணினியிலிருந்து வந்தால் வரி இப்படி இருக்கும்: 550,2,35,0,0005. இதில் எத்தனை பத்தி? மென்பொருள் 550, 2, 35 என்று எடுத்துக்கொண்டு, என் 2, கே 35 என்று முணுமுணுப்பில்லாமல் ஏற்றுக்கொள்கிறது. முதல் ஐந்து வரிகளை, தான் எப்படிப் பிரித்தது என்று கட்டம் போட்டுக் காட்டிவிட்டு ஒப்புதல் கேட்டால் இந்தப் பிழை அங்கேயே தீரும்.

விழுக்காட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோப்பில் உள்ள எல்லா மதிப்பும் 1-க்குக் கீழே இருந்தால் பின்னம், இல்லாவிட்டால் விழுக்காடு என்று சில மென்பொருள்கள் தாமே ஊகிக்கின்றன. ஆடிக்கு இது பலிக்கும். எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சின் எதிரொளிப்பை அளந்தால் எல்லா மதிப்பும் 0.2, 0.4, 0.3 என்றுதான் வரும், அதுவும் விழுக்காட்டில். ஊகம் அதை 40% என்று எடுத்துக்கொள்கிறது. எந்தப் பூச்சுக்குத் துல்லியம் அதிகம் வேண்டுமோ, சரியாக அந்தப் பூச்சில் ஊகம் பொய்க்கிறது. ஊகிக்காதீர்கள், கேளுங்கள்.

கே-யின் குறி இன்னொரு பழைய பஞ்சாயத்து. மென்படலக்காரர்கள் என் கழித்தல் ஐ கே என்று எழுதுகிறார்கள். இயற்பியல் நூல்கள் பலவற்றில் கூட்டல். லென்ஸ் வடிவமைப்பு மென்பொருளான ஜீமாக்ஸ் படிக்கும் பூச்சுக் கோப்பில் ஒளியை உறிஞ்சும் பொருளுக்குக் கே எதிர்க்குறியோடு இருக்க வேண்டும். குறி மாறிப்போனால் உறிஞ்ச வேண்டிய அடுக்கு ஒளியைப் பெருக்கத் தொடங்கிவிடும். உலோக அடுக்கில் இது உடனே தெரியும். கே வெறும் 0.0005 உள்ள 500 நானோமீட்டர் அடுக்கில், 550-இல் உறிஞ்சல் ஒரு கடப்புக்குச் சுமார் 0.6%தான், அது குறி மாறி ஆதாயமாகிவிட்டால் யார் கண்ணில் படும்? எதிரொளிப்பும் ஊடுருவலும் சேர்ந்து 100%-ஐத் தாண்டினால் மென்பொருளே நிறுத்திச் சொல்லட்டும்.

எக்ஸ்போர்ட்டில் அலகு. மென்பொருளுக்குள் 265.4 நானோமீட்டர், ஒளிவிலகல் எண் 1.46 என்றால் 1550-இல் சிலிக்காவின் கால் அலை. மைக்ரோமீட்டரில் மூன்று தசமத்தோடு எழுதினால் 0.265. போனது 0.4 நானோமீட்டர், அதாவது 0.15%. சாதாரண எதிரொளிப்புத் தடுப்புக்கு இது பொருட்டே இல்லை. தொலைத்தொடர்பு இழையில் அலைவரிசைகளுக்கு இடையே விடும் 100 கிகாஹெர்ட்ஸ் இடைவெளி என்பது 1550-இல் ஏறத்தாழ 0.8 நானோமீட்டர், அலைநீளத்தில் 0.05%. அந்தக் குறும்பட்டை வடிகட்டிக்கு இந்த வெட்டு மரணம். அலகு எதுவானாலும் ஆறு முக்கிய இலக்கங்கள் எழுதுங்கள்.

அதே ஜீமாக்ஸ் கோப்பில் இன்னொரு பொறி. அடுக்கின் தடிமனுக்குப் பக்கத்தில் 0 இருந்தால் அது அலைகளில், 1 இருந்தால் மைக்ரோமீட்டரில். 0.25 என்று எழுதிப் பக்கத்தில் 0 போட்டால் முதன்மை அலைநீளம் 550-ஆக உள்ள மக்னீசியம் ஃப்ளோரைடு அடுக்கு 99.6 நானோமீட்டர். அதே 0.25-க்குப் பக்கத்தில் 1 போட்டால் 250. எழுதும் ஆணை எப்போதும் 1-ஐயே போட்டு உண்மையான தடிமனை எழுதினால், அங்கே முதன்மை அலைநீளத்தை யார் மாற்றினாலும் பூச்சு மாறாது.

சேம்பருக்குப் போகும் தாளில், பூசும்போதே தடிமனை அளக்கும் கிரிஸ்டல் மானிட்டருக்கான கிலோ ஆங்ஸ்ட்ராம் வேண்டும்: 58.5 நானோமீட்டர் என்றால் 0.585. டூலிங் ஃபாக்டரை (கண்ணாடியில் படியும் தடிமனுக்கும் கிரிஸ்டலில் படியும் தடிமனுக்கும் உள்ள விகிதம்) மென்பொருள் சேர்த்ததா இல்லையா என்பதை அந்தத் தாளின் தலையிலேயே அச்சிடுங்கள். 112% என்ற ஃபாக்டரை மென்பொருளும் கன்ட்ரோலரும் ஆளுக்கொரு முறை கணக்கில் எடுத்தால் தடிமன் பத்து விழுக்காட்டுக்கு மேல் பிசகும்.

பிரின்ட் பற்றி ஒரே வரி: வரைபடத்தின் அடியில் கோப்பின் பெயர், தேதி, கோணம், முனைவாக்கம், பின்பக்க எதிரொளிப்பு சேர்ந்ததா என்பவை தாமாக வர வேண்டும்.

கடைசியாக அடுக்கு வரிசை. சில மென்பொருள்கள் காற்றுப் பக்கத்திலிருந்து எண்ணுகின்றன, சில கண்ணாடியிலிருந்து. இம்போர்ட் சரிதானா என்று சோதிக்க உங்களில் பலர் கால் அலை ஆடியைத்தான் பயன்படுத்துவீர்கள் என்று நினைக்கிறோம். மேலே சொன்ன 15 அடுக்கு ஆடி முன்னும் பின்னும் ஒன்றே. தலைகீழாகத் திருப்பினாலும் வளைகோடு அணுவளவும் மாறாது, பிழை ஒளிந்துகொள்ளும். அதற்குப் பதில் இதைச் சோதியுங்கள்: 1.52 கண்ணாடியின் மேல் அலுமினா 1.63 கால் அலை, அதன் மேல் சிர்க்கோனியா அரை அலை, அதன் மேல் மக்னீசியம் ஃப்ளோரைடு 1.38 கால் அலை. வடிவமைத்த அலைநீளத்தில், நேர்குத்தாக, ஒரு பக்க எதிரொளிப்பு 0.18% வர வேண்டும். 12.9% வந்தால் வரிசை தலைகீழாகிவிட்டது. பூச்சே இல்லாத கண்ணாடி 4.3%தான் எதிரொளிக்கும். இந்த மூன்றடுக்குக் கோப்பை, நீங்கள் எழுதும் ஒவ்வொரு எக்ஸ்போர்ட் வடிவத்திலும் ஒரு பிரதியாக, மென்பொருளோடு சேர்த்தே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பூச்சுகளை வடிவமைப்பவர்களும் அவற்றைச் சேம்பரில் போடுபவர்களும்