அக்கா, இடது பக்கத்துக்கும் தேதி குறித்தாயிற்று

அக்கா,

பொங்கல் முடிந்து இரண்டாவது வாரம். டாக்டர் நேற்றுதான் தேதி சொன்னார். வலது பக்க இடுப்பு மூட்டை மாற்றி நேற்றோடு சரியாக ஒரு வருடம். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நாம் மழையைப் பற்றியும் அத்தானின் சர்க்கரையைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிடுகிறோம். ஒரு வருடமாக அப்படித்தான். நான் இங்கே எழுதுவதை நீ விடாமல் படிக்கிறாய் என்று உன் மகள் சொன்னாள். அதனால் இங்கேயே எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் படிப்பார்கள். சில இடங்களில் பெயர் சொல்லாமல் தாண்டிப் போவேன். உனக்குப் புரியும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தடவை நீ வர வேண்டாம். ஒரு மாதத்துக்கு ஓர் அம்மாவைப் பேசியிருக்கிறோம், இரவும் பகலும் கூடவே இருப்பார். இவர் முதல் வாரம் லீவு போடுகிறார். உனக்கும் ஐம்பத்தைந்து ஆகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்து, ராத்திரி நாலு தடவை எழுந்தால் உன் முழங்கால் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். இதெல்லாம் உண்மையான காரணங்கள். ஆனால் இவ்வளவுதான் காரணம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய்.

நீ இருந்த பதினாறு நாளைப் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்றைத் தவிர. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஸ்பைனல் ஊசி போட்டிருந்ததால் எனக்குப் பாதி விழிப்பு இருந்தது. சுத்தியல் சத்தம் கேட்டது. வலியே இல்லை, உடம்பு மட்டும் மேசையோடு குலுங்கியது. அப்பா பட்டறையில் கட்டில் காலைச் சட்டத்துக்குள் தட்டி இறக்குவாரே, கடைசி நாலு அடியில் சத்தம் மாறுமே, இறுகிவிட்டது என்று நமக்கே தெரியுமே, அதே மாதிரி மாறியது. எனக்கு வைத்தது சிமென்ட் இல்லாத வகை. உலோகத்தின் சொரசொரப்புக்குள் நம் எலும்பே வளர்ந்து அதைப் பிடித்துக்கொள்ளுமாம். பசை போடாமல் பூட்டும் வேலைதான் வேலை என்பார் அப்பா. அதை அன்றைக்கே உன்னிடம் சொல்ல நினைத்தேன். வார்டுக்கு வந்ததும் வாந்தி எடுத்ததில் மறந்துபோனது.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. தையலுக்குப் போட்டிருந்த பின்களை எடுத்த மறுநாள் நீ பஸ் ஏறிவிட்டாய். அத்தானுக்குச் சாப்பாடு என்றாய். சரி. ஆனால் ஊருக்குப் போனதும் எல்லோரிடமும் "அவ நல்லா நடக்கா" என்று சொல்லியிருக்கிறாய். அதைக் கேட்டுவிட்டு ஒவ்வொருவராகப் போன் செய்தார்கள். இன்னும் வாக்கரா, இன்னும் கம்பா, இன்னாருடைய அத்தைக்கு மூட்டு மாற்றி இருபதாம் நாள் கோயிலுக்கே போய்விட்டாளே என்று. நான் நன்றாக நடக்கவில்லை அக்கா. அந்த வாரம் கட்டிலிலிருந்து சமையல்கட்டு வரை போய்வந்தால் கால் வீங்கி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நிற்கும். ஐந்தாவது வாரம்தான் எல்லாவற்றிலும் மோசம். தையல் வலி போய்விட்டது, பார்க்க வருகிறவர்களும் நின்றுவிட்டார்கள். சாயங்காலம் நாலு மணி ஆனால் காரணமே இல்லாமல் அழுகை வரும். தொடையின் உள்ளே யாரோ ஈரத்துணியை முறுக்குகிற மாதிரி ஒரு இழுப்பு. சுருக்கென்று குத்தும் அந்தப் பழைய வலி, கவட்டியில் ஆரம்பித்து முழங்கால் வரை இறங்குமே, அது ஆபரேஷன் அன்றோடு போய்விட்டது. அதைச் சொன்னால் எல்லோரும் "அப்புறம் என்ன" என்கிறார்கள்.

நம் வீட்டில் எல்லாமே தரையில்தான் இருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன். இடுப்பு தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பக் கூடாது, மீறினால் புது மூட்டின் பந்து கிண்ணத்தைவிட்டுக் கழன்றுவிடலாம் என்றார்கள். அரிவாள்மனை, கோலம், தண்ணீர்க்குடம், சாமி விளக்கு, சம்மணம் போட்டுச் சாப்பிடுவது, ஒரு ஸ்பூன் கீழே விழுந்தால் எடுப்பது, எல்லாமே அந்தத் தொண்ணூறுக்கு அப்பால் இருந்தன. நீ போவதற்கு முன்னால் அரிசி டப்பா, சீப்பு, மாத்திரை எல்லாவற்றையும் இடுப்பு உயரத்துக்கு ஏற்றி வைத்துவிட்டுப் போயிருந்தாய். விளக்கைக்கூட ஸ்டூல் மேல் வைத்திருந்தாய். ஒரு மாதம் கழித்துத்தான் அதெல்லாம் நீ செய்தது என்று எனக்கு உறைத்தது. அதற்கு நான் நன்றி சொல்லவில்லை.

தொடைகளுக்கு நடுவில் தலையணை வைத்து மல்லாந்தே படுத்து ஆறு வாரம். ஏழாவது வாரம் ஒருக்களித்துப் படுக்கலாம் என்றார்கள். அன்றைக்கு ராத்திரி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். அந்தச் சுகத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. உன்னிடம்தான். சொல்லவில்லை.

மூன்றாம் மாதம் பள்ளிக்கூடம் போனேன். என் வகுப்பு மாடியில். "ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது ஆபரேஷன் கால் முதல்ல" என்று பிசியோ சொன்னதை நீதான் எனக்குப் பாட்டு மாதிரி சொல்லிக்கொடுத்தாய், ஞாபகமிருக்கும். ஒவ்வொரு படிக்கும் அதை உன் குரலில்தான் சொல்லிக்கொண்டு ஏறினேன். நடக்கும்போது இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது. அந்த இடத்துச் சதை பலம் பெற நாளாகும் என்று தினமும் பக்கவாட்டில் காலைத் தூக்கவைத்தார்கள். எட்டாம் மாதம்தான் சாய்வு நின்றது. இப்போது ஆபரேஷன் செய்த வலது கால்தான் நல்ல கால். இடதில்தான் இந்த ஆடியில் எலும்பின் தலை உள்ளே சரிந்துவிட்டது. போன வருடமே அதன் படத்திலும் நிழல் தெரிந்தது, தள்ளிப் போடலாம் என்று டாக்டர் சொன்னார், அது உனக்குத் தெரியும். படியில் நிற்கும்போது எந்தக் காலை முதலில் வைப்பது என்று ஒரு நிமிஷம் குழம்பிப்போகிறேன்.

இனி அந்த ராத்திரி.

பன்னிரண்டாம் நாள், இரண்டரை மணி இருக்கும். எனக்குப் பாத்ரூம் போக வேண்டும். உன்னைக் கூப்பிட்டேன். நீ எழுந்து, வாக்கரைக் கட்டிலோரம் கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்றுகொண்டாய். "ஏட்டி, எந்திரி. நீயா எந்திரி" என்றாய். அதற்கு முந்தைய ராத்திரி வரை தோளுக்குக் கீழே கைகொடுத்துத் தூக்கிவிட்டவள். பகலில் பிசியோ உன்னைத் தனியே கூப்பிட்டு, இனித் தூக்கினால் இவள் எழவே மாட்டாள் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அது தெரியாது. ஆபரேஷன் காலை முன்னால் நீட்டி, கைகளை ஊன்றி, மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் பாதியில் விழுந்தேன். மூன்றாவது தடவை அடக்க முடியாமல் புடவை நனைந்துவிட்டது. நீ நகரவில்லை. "எந்திரி" என்றாய் மறுபடியும்.

அப்போது நான் சொன்னேன். அந்த வார்த்தைகளை அப்படியே இங்கே எழுத மாட்டேன். அம்மா இருந்திருந்தால் எழுந்துவந்து என் வாயிலேயே போட்டிருப்பாள். அதன் பொருளை மட்டும் எழுதுகிறேன். என் இளைப்புக்கு அந்த டாக்டரிடம் கூட்டிப்போனது நீதான், அந்தப் பொட்டலத்தை மாதாமாதம் வாங்கி அனுப்பியது நீதான் என்பது. அதற்கு மேலும் ஒன்று சொன்னேன். அது உனக்கும் எனக்கும் மட்டும்.

யார், எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. அவரிடம் போனவர்கள் எல்லோரும் மூச்சு சரியாகித்தான் வந்தார்கள், நானும்தான். முதல் மாத்திரையிலேயே நெஞ்சு லேசானது, பசி எடுத்தது, முகம் பூரித்தது. எல்லோரும் உடம்பு தேறிவிட்டது என்றார்கள். சீட்டு கிடையாது, பெயர் கிடையாது, வெள்ளை மாத்திரைகள், காகிதப் பொட்டலம். இரண்டு வருடம். அது ஸ்டிராய்டு என்று பிறகுதான் தெரிந்தது. அதிக அளவில் நீண்ட நாள் சாப்பிட்டால் சிலருக்குத் தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போவது நின்று, அந்த இடம் செத்து, நடக்க நடக்க நொறுங்கிவிடும். எல்லோருக்கும் வராது, எனக்கு வந்ததற்கு அது காரணமாக இருக்கலாம் என்றுதான் எலும்பு டாக்டர் சொன்னார். "இருக்கலாம்" என்ற அந்த வார்த்தையை அன்று ராத்திரி நான் விட்டுவிட்டேன். இன்னொன்றும் விட்டுவிட்டேன். வலி முழங்காலில் தெரிந்ததால் ஏழு மாதம் முழங்காலுக்கு வைத்தியம் பார்த்தது நான், தைலம் தேய்த்தது நான். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றதும் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னதைச் செலவு என்று தள்ளிப் போட்டதும் நான். ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் எலும்பில் துளை போட்டு அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்திருப்பார்களாம். அதில் உன் பங்கு ஒன்றுமில்லை.

இருந்தாலும் அக்கா, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "ஆமா, நான்தான் கூட்டிட்டுப் போனேன்" என்று நீ சொல்லியிருந்தால் எனக்குப் போதும் என்றிருந்தது. நீ ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை நடத்திப்போனாய், கழுவிவிட்டாய், வேறு புடவை கட்டிவிட்டாய், தலையணையை நடுவில் வைத்தாய், தரையைத் துடைத்தாய். காலையில் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசியை என் வயிற்றில் போட்டாய். முதல் நாள் நடுங்கிய கை அன்றைக்கு நடுங்கவில்லை. அந்த அமைதி எனக்கு ஆத்திரமாக இருந்தது. இப்போதும் நினைத்தால் கொஞ்சம் வருகிறது. உன்னிடமிருந்து அந்த வார்த்தையைக் கேட்டு வாங்க எனக்கு என்ன உரிமை என்றும் அடுத்த நிமிஷம் தோன்றுகிறது.

தூக்கம் வராத ராத்திரிகளில் இந்த மூட்டைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்று ஒரு டாக்டர். இன்றைக்கு வைக்கிற மூட்டுகளுக்கெல்லாம் வழிகாட்டிய மூட்டை அவர் 1962 நவம்பரில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் வைக்க ஆரம்பித்தார். அதற்கு முன்னால் கிண்ணத்துக்கு டெஃப்லானைப் போட்டிருந்தார், நாம் தோசைக்கல்லில் பார்க்கிற அதே டெஃப்லான். வழுக்கும், உராயாது என்று நம்பி ஏறக்குறைய 300 பேருக்கு வைத்தார். முதலில் வலி போய் நன்றாக நடந்தார்கள். சில வருடங்களில் அது தேய்ந்து, தூள் உதிர்ந்து, சுற்றியிருந்த சதையையெல்லாம் கெடுத்துவிட்டது. அந்த மனிதர் அந்தப் பொருளில் கொஞ்சத்தைத் தன் தொடைக்குள்ளேயே வைத்துப் பார்த்தார், உடம்பு அதை என்ன செய்கிறது என்று. பிறகு தன் நோயாளிகளுக்குத் திரும்ப ஆபரேஷன் செய்தார். இதைப் படித்து முடித்தபோது உனக்குப் போன் செய்ய எடுத்தேன். மணி மூன்று. வைத்துவிட்டேன்.

நான் சொல்ல வந்தது வேறு. இத்தனை பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

அன்று ராத்திரி நீ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய். முகம் கல் மாதிரி இருந்தது. உனக்குப் பின்னால் பீரோ. அந்தக் கண்ணாடியில் உன் கைகள் தெரிந்தன. முந்தானையை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தாய். ஓடி வந்து என்னைத் தூக்கிவிடாமல் இருக்க நீ உன் கைகளையே பிடித்துவைத்திருந்தாய். வலியில் எனக்குக் கண் தெரியவில்லை, என்ன சொன்னேன் என்றே தெரியவில்லை என்று மறுநாள் இவரிடம் சொன்னேன். இவர் உன்னிடமும் அதைச் சொல்லியிருப்பார். அது பொய். எனக்குக் கண் தெரிந்தது. உன் கைகளைப் பார்த்தேன் அக்கா. பார்த்த பிறகுதான் சொன்னேன். எங்கே அடித்தால் விழுவாய் என்று அந்தக் கைகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நான்காவது தடவை எழுந்துவிட்டேன். அதுவும் உன் மேல் இருந்த கோபத்தில். அன்றிலிருந்து இன்றுவரை என்னை யாரும் தூக்கிவிடவில்லை.

இதனால்தான் இந்தத் தடவை நீ வர வேண்டாம் என்கிறேன். இடது காலும் வலிக்கும். பன்னிரண்டாம் ராத்திரி மறுபடி வரும். நான் மறுபடி அப்படிப் பேசமாட்டேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. வரப்போகிற அம்மாவைத் திட்டினால் அவர் என்னைத் திருப்பித் திட்டுவார், சம்பளம் வாங்குவார், போய்விடுவார்.

நீ ஊருக்குக் கிளம்பிய காலையில், பை எல்லாம் கட்டிவைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இவர் வாசலில் நின்றுகொண்டிருக்க, தரையில் உட்கார்ந்து என் கால் நகங்களை வெட்டினாய். நீ பேசவில்லை, நானும் பேசவில்லை. என் பாதத்தை உன் மடியில் வைத்திருந்தாய். இப்போது வலது கால் நகத்தை உயரமான நாற்காலியில் உட்கார்ந்து நானே வெட்டிக்கொள்கிறேன். போன மாதத்திலிருந்துதான் குனிய வருகிறது.

வாக்கரைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துவைத்தோம். அடியில் ரப்பர் நாலும் தேய்ந்து, தரையில் வழுக்குகிறது. இங்கே இரண்டு கடையில் இவர் கேட்டார், அந்த அளவு இல்லையாம். உங்கள் பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கிற மருந்துக் கடையில் அன்றைக்கு நீ வாங்கிவந்ததுதான் சரியாக இருந்தது. நாலு வேண்டும். கூரியரில் அனுப்பினால் தொலைந்துபோகும்.