விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு: வீட்டு ஜெபம் பற்றி

கிறிஸ்துவுக்குள் அன்பான பெற்றோருக்கு,

தேர்வுகள் முடிந்துவிட்டன, விடைத்தாள்கள் ஆசிரியர்களின் மேசையில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன, பிள்ளைகளின் மனசு எப்போதோ விடுமுறைக்குப் போய்விட்டது. பள்ளி திறக்கும் நாள், புத்தகங்கள், கட்டணம் பற்றியெல்லாம் தனிச் சுற்றறிக்கை வரும். இந்தக் கடிதம் வேறொன்றுக்காக.

பள்ளி நடக்கும் மாதங்களில் உங்கள் பிள்ளைகள் தினமும் காலை வழிபாட்டில் நிற்கிறார்கள், வேதப்பாட வகுப்பில் வசனம் ஒப்புவிக்கிறார்கள், கிளம்பும்போது ஜெபம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள். இவ்வளவும் மணி அடிப்பதால் நடக்கிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. கோடையில் அந்த மணி இல்லை. அப்போது வீட்டில் என்ன மிஞ்சுகிறதோ அதுதான் உண்மையில் அந்தப் பிள்ளையிடம் இருக்கிற விசுவாசம், ஏறக்குறைய நம்மிடம் இருக்கிற விசுவாசமும் அவ்வளவுதான்.

லூக்கா 2ஆம் அதிகாரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இயேசுவுக்கு 12 வயது, பண்டிகை முடிந்து குடும்பம் எருசலேமிலிருந்து திரும்புகிறது, மகன் கூட வரவில்லை என்பது யோசேப்புக்கும் மரியாளுக்கும் ஒரு நாள் பயணம் போன பிறகுதான் தெரிகிறது. அவர்கள் பொறுப்பில்லாத பெற்றோர் அல்ல, வருஷா வருஷம் பஸ்கா பண்டிகைக்கு எருசலேம் போகிறவர்கள். உறவுக்காரர் கூட்டத்தில் எங்காவது இருப்பான் என்று நினைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். நம்மில் பலரும் பிள்ளைகளின் விசுவாச விஷயத்தில் இப்படித்தான் நடந்து வருகிறோம். பள்ளியில் சொல்லிக்கொடுப்பார்கள், ஞாயிறு பள்ளி ஆசிரியர் பார்த்துக்கொள்வார், போதகர் இருக்கிறார், எப்படியும் கூட்டத்தோடு வந்துகொண்டிருப்பான். தலைமையாசிரியர் என்ற முறையில் வெளிப்படையாகச் சொல்கிறேன், பள்ளியால் அது முடியாது. எங்களால் வசனத்தை மனப்பாடம் செய்யவைக்க முடியும். அந்த வசனத்தை நம்பி ஒரு குடும்பம் கஷ்டகாலத்தில் எப்படி நடக்கிறது என்பதைப் பிள்ளை உங்கள் வீட்டில்தான் பார்க்க முடியும்.

அதற்காக வீட்டை இன்னொரு பள்ளிக்கூடமாக மாற்றிவிடாதீர்கள். விடுமுறை வேதப்பாடப் பயிற்சித்தாள் எதையும் நாங்கள் வேண்டுமென்றேதான் அனுப்பவில்லை. உபாகமம் 6ஆம் அதிகாரத்தில் பிள்ளைகளுக்கு எப்போது போதிக்கச் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள்: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது. பள்ளி நாட்களில் இந்த நான்கிலும் நமக்கு அவசரம்தான், காலையில் சீருடையைத் தேடுவதற்கே நேரம் சரியாக இருக்கும். கோடையில் நான்குமே நம் கைக்குத் திரும்பி வருகின்றன. அந்த நேரத்தையும் காலையில் நீச்சல், மதியம் கணினி, மாலையில் வேறொரு வகுப்பு என்று நிரப்பிவிட்டால் அப்புறம் எப்போதுதான் பேசுவது?

குடும்ப ஜெபம் ஏற்கெனவே இருக்கிற வீடுகளுக்கு நான் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை, அதை விடாதீர்கள். இல்லாத வீடுகளில், அல்லது எப்போதோ இருந்து நின்றுபோன வீடுகளில், சின்னதாகத் தொடங்குங்கள். மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரங்கள்தான், சுவிசேஷங்களில் அதுவே சிறியது, சம்பவத்துக்கு மேல் சம்பவமாக வேகமாகவும் போகும். ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம், பிள்ளைகள் முறைபோட்டு வாசிக்கட்டும், ஒரு கேள்வி, ஒரு சிறு ஜெபம், முடிந்தது. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாக வாசித்துக் கடனை அடைக்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். பெரிய பிள்ளைகள் இருந்தால் நீதிமொழிகள் நன்றாகப் பொருந்தும், அதில் 31 அதிகாரங்கள், தேதியைப் பார்த்தாலே அன்றைக்கு எந்த அதிகாரம் என்று தெரிந்துவிடும். அரை மணி நேரம் நீளும் ஜெபத்தில் ஆறு வயதுப் பிள்ளையை அசையாமல் உட்காரவைத்து அதட்டினால், அந்தப் பிள்ளை ஜெபத்தைப் பற்றிக் கற்றுக்கொள்வது அந்த அதட்டலைத்தான்.

ஜெபத்தைப் பிள்ளைகளும் ஏறெடுக்கட்டும். அவர்கள் நாய்க்குட்டிக்காகவும் உடைந்த சைக்கிளுக்காகவும் ஜெபித்தால் சிரிக்காதீர்கள், திருத்தாதீர்கள்.

அப்பாக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பல வீடுகளில் ஜெபம் அம்மாவின் வேலை, அப்பா ஆமென் சொல்ல மட்டும் வருகிறார், அதுவும் போனைப் பார்த்துக்கொண்டே. பிள்ளைகள் இதைக் கவனிக்கிறார்கள், பையன்கள் இன்னும் கூர்மையாகக் கவனிக்கிறார்கள். பிள்ளையின் போனை வாங்கி அலமாரியில் வைக்கும்போது உங்களுடையதையும் கூடவே வையுங்கள்.

கணவரோ மனைவியோ விசுவாசத்தில் துணைநிற்காத வீடுகளும் நம் பள்ளியில் உண்டு, தனியாகப் பிள்ளை வளர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். "எங்கள் வீட்டில் இதெல்லாம் நடக்காது" என்று நீங்கள் நினைக்கலாம். அப்போஸ்தலர் பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவைப் பாருங்கள். அவருடைய அப்பா கிரேக்கர், அவர் விசுவாசியாக இருந்ததாக வேதம் எங்கும் சொல்லவில்லை. பாட்டி லோவிசாளிடமும் அம்மா ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசத்தைத்தான் பவுல் பெயர் சொல்லி நினைவுகூருகிறார். பாட்டி தாத்தா வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் இதை யோசியுங்கள். பெரியவர்களிடம் "உங்கள் வாழ்க்கையில் ஆண்டவர் என்ன செய்தார்?" என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள், அவர்கள் சொல்லும் சாட்சி எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

நேரமே இல்லை என்கிறவர்களுக்கு சுசன்னா வெஸ்லியைச் சொல்லலாம். இங்கிலாந்தில் எப்வொர்த் ஊர்ப் போதகரின் மனைவி, 19 பிள்ளைகளைப் பெற்று அவர்களில் பலரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தவர், பணக் கஷ்டமும் தீராத வீடு. அந்த வீட்டில் வாரத்தின் ஒவ்வொரு மாலையையும் ஒவ்வொரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து பேச என்று ஒதுக்கி வைத்தார், வியாழக்கிழமை ஜானுடையது. அந்த ஜான் வெஸ்லி பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கியது எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது வேறு. வளர்ந்து ஆக்ஸ்போர்டில் இருந்த காலத்தில்கூட அந்த வியாழக்கிழமை மாலையை ஞாபகம் வைத்து அவர் அம்மாவுக்குக் கடிதம் எழுதினார். எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக உட்காரவைத்துச் சொல்வது ஒன்று, ஒரு பிள்ளையோடு மட்டும் நடந்துபோய்ப் பேசுவது முற்றிலும் வேறு. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நம்மால் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதா?

விடுமுறை வேதாகமப் பள்ளிக்குத் தாராளமாக அனுப்புங்கள். அது பிறந்த காரணமே ஞாயிறு பள்ளியின் நேரம் போதாமல்தான். 1894இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஹோப்டேல் என்ற ஊரில் ஒரு ஆசிரியை, போதகரின் மனைவி, வாரத்தில் அந்தக் கொஞ்ச நேரத்தில் எதையும் முழுதாகச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை என்று கோடையில் வாரக்கணக்கில் வகுப்பு நடத்தினார். நல்ல காரியம். ஆனால் ஒரு சபையில் முடிந்ததும் அடுத்த சபை, அங்கே முடிந்ததும் இன்னொன்று என்று பிள்ளையை மாற்றி மாற்றிக் கொண்டுபோய் விடுவது வேதப் பசியாலா, பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதாலா என்று நீங்களே சொல்லுங்கள். பாட்டும் கைவேலையுமாகத் திரும்பி வருகிற பிள்ளையிடம் "இன்றைக்கு என்ன கதை?" என்று ராத்திரி கேட்டாலே போதும், பாதி வேலை அதில் நடந்துவிடும்.

ஊருக்குப் போனால் ஞாயிறு ஆராதனையை விட்டுவிடாதீர்கள். விடுமுறைதானே, ஒரு வாரம்தானே என்று தோன்றும். போகிற இடத்திலும் ஆலயம் இருக்கும். பாட்டின் ராகம் வேறாக இருக்கலாம், பாஷைகூட புரியாமல் போகலாம், யாருக்கும் நம்மைத் தெரியாது. ஆனால் தங்கள் சபைக்கு வெளியேயும் கர்த்தருக்குப் பெரிய குடும்பம் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குப் புரிகிற இடம் அதுதான்.

ஓய்வைப் பாவமாக்கவும் வேண்டாம். சீஷர்கள் சாப்பிடக்கூட நேரமில்லாமல் அலைந்தபோது, தனியிடத்துக்குப் போய்ச் சற்றே இளைப்பாறுங்கள் என்று கூப்பிட்டவர் இயேசுதான். பிள்ளைகள் தூங்கட்டும், விளையாடட்டும், சும்மாவும் இருக்கட்டும்.

உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இது கொஞ்சம் கடினமான காலம். "ஏன் சர்ச்சுக்கு வரணும்?", "கடவுள் இருந்தால் ஏன் இப்படி நடக்குது?" என்று வகுப்பில் எங்களிடம் கேட்பதை வீட்டிலும் கேட்பார்கள். கேட்டவுடன் கலங்கிப்போய்ப் போதகரிடம் ஓட வேண்டாம், வாயை அடைக்கவும் வேண்டாம். எதுவரைக்கும் கர்த்தாவே, என்னை மறந்துவிடுவீரோ என்று 13ஆம் சங்கீதத்தில் தாவீதே கேட்கிறார். விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவி செய்யும் என்று மாற்கு 9ஆம் அதிகாரத்தில் கதறியது ஒரு தகப்பன், அவர் மகனை இயேசு சுகமாக்கினார், முதலில் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பவில்லை. பதில் தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் "எனக்கும் தெரியவில்லை, சேர்ந்து வாசித்துப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். கேள்வி கேட்கிற பிள்ளையைப் பற்றி எனக்கு அவ்வளவு பயம் இல்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு உள்ளுக்குள் எப்போதோ விலகிப்போன பிள்ளையைப் பற்றித்தான் பயம்.

கிறிஸ்தவர் அல்லாத குடும்பங்களும் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். இந்தக் கடிதம் உங்களைக் கட்டாயப்படுத்த அல்ல. பிள்ளையோடு தனியாக நேரம் செலவிடுவது பற்றிச் சொன்னதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறையில் அலுவலகம் காலை வேளைகளில் திறந்திருக்கும். உங்கள் வீட்டுக்காக நாங்கள் ஜெபிக்க வேண்டிய காரியம் ஏதாவது இருந்தால் ஒரு தாளில் எழுதி மூடிய உறையில் கொடுத்துவிடுங்கள், பெயர் எழுத வேண்டிய அவசியமில்லை. ஆசிரியர்கள் வாரம் ஒருமுறை கூடி ஜெபிக்கிறோம், அதை விடுமுறையிலும் நிறுத்தப்போவதில்லை. நூலகத்திலிருந்து எடுத்த புத்தகங்களை இன்னும் திருப்பித் தராதவர்கள் அந்தச் சாக்கில் அவற்றையும் கொண்டு வந்துவிடுங்கள்.

கர்த்தருக்குள் உங்கள்,
தலைமையாசிரியர்