ராயபுரத்தில் நாம் எறிந்த கல்

அன்புள்ள நண்பா,

முழங்கால் வலி குறைந்து நீ நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். காசிமேட்டில் வஞ்சிரம் விலையைத்தான் கேட்க முடியவில்லை.

உன் கடிதத்தில் ஒரு வரி என்னை விடவே இல்லை. மேலே ஈர்ப்பு விசை இல்லாததால்தான் செயற்கைக்கோள்கள் விழாமல் இருக்கின்றன என்று எழுதியிருந்தாய். அப்படி இல்லை. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தின்மேல் தரையில் உள்ள ஈர்ப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் இருக்கிறது. அது ஓயாமல் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

ராயபுரம் கடலோரக் கருங்கற்கள்மேல் நின்று, யார் கல் தொலைவில் விழுகிறது என்று பந்தயம் கட்டுவோமே, நினைவிருக்கிறதா? நேர்க்கிடையாக எறிந்த கல் முதல் நொடியில் 4.9 மீட்டர் கீழிறங்கும். பூமியோ உருண்டை, 8 கிலோமீட்டர் போவதற்குள் கடல்பரப்பும் ஏறக்குறைய அதே 4.9 மீட்டர் வளைந்து இறங்கிவிடும். ஆகவே நொடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் நீ எறிந்திருந்தால், கல் விழ விழக் கடலும் விலகிக்கொண்டே போயிருக்கும். காற்றையும் பூமியின் சுழற்சியையும் ஒதுக்கிவைத்தால், ஒன்றரை மணி நேரத்துக்குள் அது உலகைச் சுற்றி, வண்ணாரப்பேட்டைப் பக்கமிருந்து நம் முதுகுக்குப் பின்னால் வந்திருக்கும்! கல்லுக்குப் பதில் மலையுச்சியில் ஒரு பீரங்கியை வைத்து நியூட்டன் இதை அன்றே யோசித்துவிட்டார்.

நிலவும் அப்படி விழும் கல்தான். பூமியின் ஆரத்தைப் போல 60 மடங்கு தொலைவில் இருப்பதால் அங்கே ஈர்ப்பு தரையில் உள்ளதைவிட 60 × 60, அதாவது 3,600 மடங்கு குறைவு; ஈர்ப்பு தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறையும். நொடிக்கு ஒன்றரை மில்லிமீட்டர்கூட விழுவதில்லை. அதனால் நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகமே அதற்குப் போதுமானதாக இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஓதத்தின், அதாவது கடல்மட்டம் ஏறி இறங்குவதன் கதை. நிலவு இழுத்துப் புடைக்கவைக்கும் கடல்நீரை, சுழலும் பூமி சற்று முன்னே தள்ளிக்கொண்டு போகிறது. அந்தப் புடைப்பு நிலவை முன்னோக்கி இழுக்க, நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகுகிறது. 1969இல் அப்போலோ வீரர்கள் முதன்முதலாக அங்கே வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்களில் லேசர் ஒளியைப் பாய்ச்சி இதை அளக்கிறார்கள். நாம் ராயபுரத்தில் கல் எறிந்து 45 ஆண்டுகள் ஆகிவிட்டன. அதற்குள் நிலவு 1.7 மீட்டர் தள்ளிப் போயிருக்கிறது. கிட்டத்தட்ட உன் உயரம்.

பொங்கலுக்கு வா. முழங்கால் இடம்கொடுத்தால் அந்தக் கற்கள்வரை மெதுவாக நடந்துபோவோம்.

அன்புடன்,
உன் ராயபுரத்துக் கூட்டாளி