பைபர் படகுகளைக் கயிற்றுத் தேய்மானத்திலிருந்து காக்கக் கோரி மனு

அனுப்புநர்:
பைபர் படகு உரிமையாளர்,
நாகப்பட்டினம் மாவட்டக் கடற்கரைக் கிராமம்.

பெறுநர்:
உதவி இயக்குநர் அவர்கள்,
மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை.

பொருள்: இறங்குதளத்தில் ரப்பர் தடுப்பும், மானியப் படகுகளின் விளிம்பில் எஃகுப் பட்டையும் அமைத்துத் தர வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு எங்கள் கரையில் கட்டுமரம் குறைந்து பைபர் படகு பெருகியது. கயிறு உரசினால் கட்டுமரம் தாங்கும், பைபர் தாங்காது. அதன் ஜெல்கோட் மேல்பூச்சு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனம்தான்.

சென்ற வாடைக்காற்றுக் காலத்தில் கடலுக்குப் போக வழியில்லாமல் ஒரு வாரம் படகைத் தளத்தில் கட்டி வைத்திருந்தேன். அவிழ்க்கப் போனபோது படகின் முன்பகுதியான அணியத்தில் கயிறு கிடந்த இடத்தில் விரல் பதியும் பள்ளம் விழுந்திருந்தது. நைலான் கயிறு தொட்டால் வழுவழுப்பாகத்தான் இருக்கிறது. முறுக்குக்குள் மணலும் உப்பும் ஏறிவிட்டால் அதுவே உப்புத்தாள். அலை படகைத் தூக்கி இறக்கும்போதெல்லாம் அது ஒரே இடத்தைத் தேய்க்கிறது. மேல்பூச்சு போனதும் உள்ளிருக்கும் கண்ணாடி இழை வழியாக நீர் இறங்கி, அடுக்குகள் பிரியத் தொடங்குகின்றன.

இதைச் சரிசெய்யப் படகைக் கரையேற்றி, பள்ளத்தைச் சுற்றித் தேய்த்து, ஈரம் முழுதும் உலரும்வரை காத்திருந்து, அதன் பிறகே மேட் எனும் கண்ணாடி இழை விரிப்பை வைத்து, ரெசின் எனும் பிசினைப் பூச வேண்டும். ஈரத்தோடு பூசினால் ஒட்டு நிற்காது. அத்தனை நாளும் எனக்கு மட்டுமல்ல, என்னோடு தொழிலுக்கு வரும் மூவர் வீட்டிலும் வருமானம் நின்றது.

இப்போது கயிறு உரசும் இடத்தில் ரப்பர் குழாய்த் துண்டைக் கோத்துக் கட்டுகிறேன். கட்டுக்கயிற்றுக்கும் நங்கூரக் கயிற்றுக்கும் அது போதும். வலை இழுக்கும் விளிம்பில்தான் அது உதவாது, ஏனென்றால் அங்கே கயிறு நிற்காமல் ஓடுகிறது. அந்த விளிம்புக்குத் துருப்பிடிக்காத எஃகுப் பட்டை வேண்டும். அதையும் படகு கட்டும்போதே பொருத்துவதுதான் முறை. பின்னால் துளையிட்டுத் திருகினால், சரியாக அடைக்காத துளை வழியே நீர் இறங்கி, படகைக் காக்கப் பொருத்திய பட்டையே கேடாகிவிடும். ஆகவே, மானியத்தில் வழங்கும் படகுகளின் விவரக்குறிப்பில் இந்தப் பட்டையையும், அதன் அடியில் கூடுதலாக ஓர் அடுக்கு மேட்டையும் சேர்க்கும்படி அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.

அதைவிட அவசரமானது இறங்குதளம். அதன் சிமெண்ட் விளிம்பு கூராக இருப்பதால் கயிறும் அறுகிறது, படகும் அடிபடுகிறது. ஐப்பசி பிறப்பதற்குள் அங்கே ரப்பர் தடுப்புகளும், கயிறு கட்ட வழவழப்பான இரும்புத் தூண்களும் அமைத்துத் தர வேண்டும். நாகப்பட்டினத்திலேயே மீன்வளப் பல்கலைக்கழகம் இருப்பதால், அவர்களைக் கொண்டு எங்கள் இளைஞர்களுக்குப் பைபர் பழுதுபார்க்க ஒரு பயிற்சியும் ஏற்பாடு செய்து தர வேண்டுகிறேன்.

தாங்கள் ஒருநாள் விடியற்காலையில், படகுகள் கரை சேரும் நேரத்தில் நேரில் வந்தால், தேய்ந்த விளிம்புகளைப் படகு படகாகக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பைபர் படகு உரிமையாளர்