ரேடியோ மேல் தயிர்

மான்செஸ்டர்
17-11-1957

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கு எல்லோரும் நலம்தானே? உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. தீபாவளிக்குக்கூட நாலு வரி எழுதவில்லை என்று அம்மா கண் கலங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். தப்புதான். வேலை அதிகம், வேறொன்றும் இல்லை.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். அணு உலை தீப்பிடித்த விண்ட்ஸ்கேல் இங்கிருந்து 80 மைலுக்கு மேல். கிராஃபைட் அடுக்கி, நடுவே யுரேனியத்தைச் செருகி, காற்றை ஊதிக் குளிரவைக்கிற உலை அது. தீப்பிடித்தது தெரிந்தது அக்டோபர் 10. மறுநாள் தண்ணீரை விட்டு, ஊதுகிற காற்றையும் நிறுத்தித்தான் அணைத்தார்கள். அதற்குள் புகைபோக்கி வழியாகக் கதிரியக்க அயோடின் வெளியேறிப் புல்லில் படிந்துவிட்டது. புல்லிலிருந்து மாட்டுக்கு, மாட்டிலிருந்து பாலுக்கு. சுமார் 200 சதுர மைல் பண்ணைகளில் கறந்த பாலையெல்லாம் கீழே ஊற்றினார்கள். பால் சிந்தினால் வீட்டுக்கு ஆகாது என்பாளே பெரியத்தை, அவளிடம் இதைச் சொல்ல வேண்டாம். இந்த அயோடின் 8 நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வரும். எங்கள் ஊர்ப் பாலுக்கு எந்தத் தடையும் இல்லை. தைரியமாக இருங்கள்.

பால் இருந்து என்ன, உறைய வேண்டுமே! மதுரைப் பையன் ஒருவன் இங்கே படிக்கிறான், லண்டனிலிருந்து உறைமோர் கொண்டுவந்து கொடுத்தான். மூன்று நாள் வைத்தும் பால் பாலாகவே இருந்தது, அவ்வளவு குளிர். அப்புறம் ஒரு யோசனை தோன்றியது. பழைய கடையில் வாங்கிய ரேடியோ ஒன்று என்னிடம் இருக்கிறது, உள்ளே பல்பு மாதிரி எரிகிற ஐந்து வால்வு. பாடப் பாட அதன் தலை நன்றாகச் சூடாகும். கிண்ணத்தைத் துணி சுற்றி அதன் மேல் வைத்தேன். ராத்திரிச் செய்தி முடியும்போது தயிர் தோய்ந்திருந்தது. அம்மாவிடம் சொல்லுங்கள், சிரிப்பாள். காப்பிதான் வழியில்லை. புட்டியில் கறுப்பாக ஒரு சிக்கரிக் கஷாயம் விற்கிறார்கள், அதுதான் இங்கே காப்பி.

அறையில் கேஸ் கணப்பு இருக்கிறது. மீட்டரில் ஷில்லிங் போட்டால் எரியும், காசு தீர்ந்ததும் பொக்கென்று அணைந்துவிடும். எனக்கு அந்தச் சூடு ஒத்துக்கொள்வதில்லை. அதனால் சாயங்காலமெல்லாம் சென்ட்ரல் லைப்ரரியில்தான் படிக்கிறேன். வட்டமான பெரிய கட்டடம், உள்ளே கதகதப்பாக இருக்கும்.

ஃபாக்டரியிலும் குளிர் தெரியாது. வால்வு அடுக்குகளைச் சோதிக்கிற பிரிவில் இருக்கிறேன். நூற்றுக்கணக்கில் ஒரே சமயத்தில் எரியும்போது சமையற்கட்டு மாதிரி இருக்கும். 1951இல் இங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு வந்த கணக்குப் போடும் மெஷினில் 4,000 வால்வு! ஆனால் இப்போது எங்கே பார்த்தாலும் ட்ரான்ஸிஸ்டர் பேச்சுதான். புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். வால்வு செய்கிற வேலையைச் சூடே ஏறாமல் செய்கிறது. இதற்காகப் போன வருஷம் மூன்று அமெரிக்கர்களுக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். இதே பல்கலைக்கழகத்தில் 1953இலேயே ட்ரான்ஸிஸ்டர் வைத்து ஒரு கணக்கு மெஷினை ஓட்டிப் பார்த்துவிட்டார்கள். எங்கள் பிரிவில் ஓவர்டைம் நின்றுவிட்டது. நல்லதுதான், ஓய்வு கிடைக்கிறது.

தம்பி மொட்டை மாடியிலிருந்து, ரஷ்யாக்காரர்கள் விட்ட செயற்கைச் சந்திரன் ஸ்புட்னிக்கைப் பார்த்ததாக எழுதியிருக்கிறான். அவன் பார்த்தது நிஜமாகவே அதுதான் என்றால், அனேகமாக அதைக் கொண்டுபோய் விட்ட ராக்கெட்டாக இருக்கும். அதுவும் கூடவே சுற்றுகிறது. உருண்டை 58 சென்டிமீட்டர்தான், வெறுங்கண்ணுக்குப் பிடிபடுவது கஷ்டம். அதன் சத்தத்தை நான் கேட்டேன். ஃபாக்டரியில் ஒருவர் சொந்த ரிசீவர் வைத்திருக்கிறார். சுவர்க்கோழி கத்துவதுபோல விட்டுவிட்டுக் கேட்டது. 96 நிமிஷத்துக்கு ஒரு சுற்று. என் ஏர்மெயில் உங்களுக்கு வந்து சேர்வதற்குள் நூறு சுற்று போட்டுவிடும்.

அவரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜோட்ரெல் பேங்க் போய்வந்தேன். தெற்கே 20 மைல், சுற்றிலும் மாடு மேய்கிற வயல். நடுவே 250 அடி குறுக்களவில் ஒரு இரும்புக் கிண்ணம் வானத்தைப் பார்த்து நிற்கிறது, அதுதான் ரேடியோ டெலஸ்கோப். நம் பெரிய கோயில் கோபுரத்தைப் படுக்கவைத்தால்கூட அதன் வாய்க்குள் அடங்கிவிடும். அதைச் சாய்க்கிற பல்சக்கரங்கள், உடைத்த போர்க்கப்பல்களின் பீரங்கி மேடையிலிருந்து எடுத்தவை. ஸ்புட்னிக்கின் ராக்கெட்டை ராடாரில் பிடித்ததால் இப்போது ஊரே கொண்டாடுகிறது. அதுவரை, கட்டியதில் ஏற்பட்ட கடனைப் பற்றித்தான் பேச்சு. பெரிய காரியம் என்றால் கொஞ்சம் கடன் இருக்கத்தானே செய்யும்?

வீட்டுக்காரம்மாவைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். ரஷ்யாக்காரர்கள் 3ஆம் தேதி லைக்கா என்ற நாயை இரண்டாவது ஸ்புட்னிக்கில் ஏற்றி அனுப்பினார்கள் அல்லவா, அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை. வீட்டில் ரேடியோக் கம்பிக்கு ஈயம் பற்றவைக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், அதனால் எனக்கும் பங்கு உண்டு என்று நினைப்பு. அவளுக்கும் ஒரு கிழட்டு நாய் இருக்கிறது. அதை மடியில் வைத்துக்கொண்டு, "எப்போது இறக்குவீர்கள்?" என்று என்னைக் கேட்டாள். இறக்குவதற்கு ஏற்பாடே இல்லை என்று பேப்பரில் போட்டிருந்தது. நான், சீக்கிரம் இறக்கிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை எனக்கு இரண்டாவது முட்டை கிடைத்தது.

5ஆம் தேதி இவர்களுக்கு ஒரு பட்டாசு நாள். யாரோ ஒருவன் பார்லிமெண்டுக்கு வெடி வைக்கப் பார்த்து மாட்டிக்கொண்ட கதை. நாய் என் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது, நானும் கீழே இறங்கவில்லை. ஜன்னலைத் திறந்தேன், அந்த மருந்து வாசனை வந்தது. நம் வாசல், தம்பி சுருட்டி எறிந்த சரவெடித் தாள், அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு நிற்பது... ஜன்னலைச் சாத்திவிட்டேன். குளிர்.

அம்மா எப்போது வருவாய் என்று கேட்கிறாள். சீக்கிரம் என்று சொல்லுங்கள்.

சரி, தங்கை கல்யாண விஷயம். தையில் முகூர்த்தம் என்றால் சம்பா அறுப்பும் அப்போதுதானே வரும்? மாசிக்குத் தள்ளக் கேட்டுப் பாருங்கள். மேலத்தெரு மாமாவிடம் நகைக்குக் கைமாற்று வாங்கினால் எழுதி வாங்குங்கள், போன தடவை மாதிரி வேண்டாம். இத்துடன் 8 பவுன் அனுப்பியிருக்கிறேன், 106 ரூபாய் சொச்சம் வரும். போன மாதத்துக்கும் சேர்த்து அடுத்த முறை அனுப்புகிறேன்.

மாப்பிள்ளை ஊரில் இன்னும் கரண்ட் வரவில்லை, அதனால் ட்ரான்ஸிஸ்டர் ரேடியோதான் கேட்கிறார்கள் என்பது புரிகிறது. கடையில் 30 பவுனுக்கு மேல், 400 ரூபாய். வாங்க முடியாது என்றில்லை, வெளிப்பெட்டி பார்க்க நன்றாக இல்லை. நானே செய்து அனுப்புகிறேன். சோதனையில் தேறாத ட்ரான்ஸிஸ்டர்களுக்குச் சிவப்புப் புள்ளி வைத்து மலிவாக விற்கிறார்கள். திருச்சி நிலையம் கேட்க அதுவே போதும். இதை மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டாம்.

பெட்டியை மட்டும் நம் ஆசாரியிடம் செய்யச் சொல்லுங்கள். தேக்கு. நீளம் 10 அங்குலம், உயரம் 7, ஆழம் 4. முன்பக்கம் இடது ஓரத்தில் 5 அங்குல வட்டம் வெட்டி விடட்டும், வலப்பக்கம் குமிழ்களுக்கு இரண்டு துளை. பின்பலகையை ஆணி அடிக்க வேண்டாம், திருகுதான். பாட்டரி மாற்ற வேண்டியிருக்கும்.

உங்கள் அன்பு மகன்