வெண்கலச் சிலை கழுவப் போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

போன்கா சிட்டியில் முன்னோடிப் பெண் சிலையைக் கழுவி மெழுகு பூசும் குழுவில் நீயும் சேர்ந்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. பிரையன்ட் பேக்கர் வடித்து 1930இல் திறந்த சிலை அது. உருவம் மட்டும் 17 அடி. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்து வடபகுதியில் 1893 செப்டம்பர் 16 அன்று குதிரையிலும் வண்டியிலும் விரைந்து நிலம் பிடித்துக் குடியேறியவர்களின் ஊர் அது. மகன் கையைப் பிடித்து நடக்கும் அந்தப் பெண், அப்படி வந்த பெண்கள் எல்லோருக்கும் பொது.

நம் வீட்டுப் பித்தளைச் சாமானைப் போல அதைப் பளபளவென்று தேய்க்க யாரையும் விடாதே. புளி, எலுமிச்சை, வினிகர், கம்பி பிரஷ், மணல் வீச்சு எதுவும் வேண்டாம். மேலே படிந்திருக்கும் பழுப்புப் பச்சைப் படலம்தான் வெண்கலத்துக்குத் தோல். அதை உரித்தால் அடியிலுள்ள உலோகம் புதிதாக அரிக்கத் தொடங்கும்.

வெயில் நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள். காரமில்லாத சோப்பைத் தண்ணீரில் நன்றாக நீர்க்கவிட்டு, மென்மையான மயிர் பிரஷால் கீழிருந்து மேலாகக் கழுவுங்கள். மேலிருந்து தொடங்கினால் அழுக்குநீர் காய்ந்த இடத்தில் கோடு கோடாக இறங்கிக் கறையாகும். கடைசியாக அலசுவது மட்டும் மேலிருந்து. பறவை எச்சத்தை ஊறவைத்து எடுக்க வேண்டும், சுரண்டக் கூடாது.

ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்த பிறகே மெழுகு. உடை மடிப்பில் தண்ணீர் நின்றிருக்கும், அங்கே விரலை விட்டுப் பார். ஈரத்தின் மேல் மெழுகு பூசினால் வெள்ளை பூக்கும். மெல்லியதாக ஒரு பூச்சு, ஆறியதும் பருத்தித் துணியால் தேய்ப்பு, பிறகு இன்னொரு பூச்சு. தடித்துப் பூசினால் தூசியைப் பிடித்துக்கொள்ளும். கேஸ் தீயால் உலோகத்தைச் சூடாக்கி மெழுகு ஏற்றும் முறை நல்லதுதான், ஆனால் பழகியவர் கையில்தான் அந்தத் தீக்கருவி இருக்க வேண்டும். வருடம் ஒருமுறை போதும்.

துடைத்த பிறகும் சில நாளில் அதே இடத்தில் வெளிர்பச்சைப் பொடி திரும்பத் திரும்ப வந்தால் அது சாதாரணக் களிம்பு இல்லை. உப்பில் இருக்கும் குளோரைடு உள்ளே புகுந்து அரிக்கிறது. அதன்மேல் மெழுகு பூசி மூடாமல், படம் எடுத்துச் சிலைப் பாதுகாப்பு நிபுணருக்கு அனுப்புங்கள். அடியில் நீர் வடியும் துளை இருந்தால் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே தேங்கும் தண்ணீர் குளிர்காலத்தில் உறைந்து இணைப்புகளைப் பிளக்கும். பீடத்துக் கல்லில் பச்சைக் கறை இறங்கியிருந்தால் அமிலம் தொடவே கூடாது.

அதே ஊரில் போன்கா என்னும் பழங்குடி மக்களின் தலைவர் ஸ்டாண்டிங் பேருக்கு 22 அடி வெண்கலச் சிலை இருக்கிறது, 1996இல் வைத்தது. போன்கா மக்களை 1877இல் நெப்ராஸ்காவிலிருந்து விரட்டித் தெற்கே கொண்டுவந்தார்கள். ஓட்டப்பந்தயம் போல நிலம் பிடித்த கதையை இதை விட்டுவிட்டுச் சொன்னால் பாதிக் கதைதான். வாளியும் பிரஷும் கையில் இருக்கும்போதே அந்தச் சிலைக்கும் அனுமதி கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
அம்மா