படத்தைத் திருப்பிப் பார்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்தபோது என் வலது கண்ணுக்கு மேல் மூடி ஒட்டியிருந்தார்கள். இவர்தான் வாசித்துக் காட்டினார். கண்புரையை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. இன்றைக்குத்தான் நானே பேனாவைப் பிடித்து எழுத உட்கார்ந்தேன். வலி ஒன்றும் இல்லை, கவலைப்படாதே. இடது கண்ணுக்கு இன்னும் இரண்டு மாதம் போகட்டும் என்கிறார் டாக்டர்.

இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் இந்தத் தாள் பால்வெள்ளை. வலது கண்ணை மூடினால் இதே தாள் பழைய நோட்டுப் புத்தகத்துத் தாள் மாதிரி பழுப்பு. இத்தனை வருடமாக எல்லாவற்றையும் அந்தப் பழுப்போடுதான் பார்த்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். கடையில் சட்டம் போட்டே கிடைக்கும் அந்தப் படகு நீர்வண்ணப் படத்தை வாங்கலாமா என்று நீ கேட்டதற்குப் பதிலும் இங்கேயிருந்துதான் ஆரம்பிக்கிறது.

எங்கள் கூடத்தில் பன்னிரண்டு வருடமாகத் தொங்கும் பாலத்துப் படம் உனக்கு நினைவிருக்கும். செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிட்ட படம். நீ வரும்போதெல்லாம் அதற்கு எதிரே இருக்கும் நாற்காலியில்தான் உட்காருவாய். மூடி எடுத்த மறுநாள் அதன் முன்னால் போய் நின்றேன். படத்தைச் சுற்றி இருக்கும் அட்டை, அதுதான் மவுண்ட், வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் சன்னல் மாதிரி அதை வெட்டியிருக்கிறார்களே, அந்தச் சாய்வான உள்விளிம்பு மட்டும் நல்ல பழுப்பு. அதையொட்டி உள்ளே படத்தின் தாளிலும் நாலு பக்கமும் ஒரு கோடு. மேசையில் ஈரக் குவளையை வைத்த இடத்தில் காய்ந்து படியும் கறை உண்டே, அந்த நிறம். இத்தனை நாளும் அதை அலங்காரத்துக்குப் போட்ட கோடு என்றே நினைத்திருந்தேன்.

காகிதப் பாதுகாப்பு வேலை தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் மேசையில் ஒரு போர்வையை விரித்து, படத்தைக் கவிழ்த்து வைத்து, பின்னால் ஒட்டியிருந்த தாளைக் கத்தியால் கீறினார். சின்ன ஆணிகளைக் குறடால் ஒவ்வொன்றாக இழுத்தார். ஹார்ட்போர்டைத் தூக்கியதும் பழைய அலமாரியைத் திறந்த மாதிரி ஒரு புளித்த வாசனை. மவுண்டை எடுத்துப் படத்தைத் தனியாகத் தூக்கப் பார்த்தார். வரவில்லை. முழுத் தாளையும் சூடுகாட்டி அழுத்தி ஒரு அட்டையில் ஒட்டியிருக்கிறார்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, "தகட்டுத் தடம் இருக்கிறதா பாருங்கள்" என்றார். தகட்டில் அச்சிட்ட படத்தில், தகடு அழுந்திய இடத்தைச் சுற்றித் தாளில் மெல்லிய ஒரு படி விழும். அதுதான் அந்தப் படத்தின் கைரேகை. என் படத்தில் அது தட்டையாகிப் போயிருந்தது. பிரித்தெடுக்கப் பார்த்தால் தாளே போய்விடலாம், கோட்டை மங்க வைக்கலாம், முழுதாகப் போக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் பேசாமலே இருந்தேன். அந்தப் படத்தை வாங்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. அகலமான கருமரச் சட்டத்தில் சுவரில் மாட்டியிருந்தது. அந்த அழகில் சொக்கிப்போய்ப் பணத்தைக் கொடுத்தேன். ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

அதனால்தான், "சட்டம் போட்டே கிடைக்கிறது, வேலை மிச்சம்தானே" என்று நீ எழுதிய வரியில் இவரை நிறுத்தி மறுபடி வாசிக்கச் சொன்னேன். சட்டம் போட்ட படத்தை வாங்கினால் நீ இரண்டு பொருள் வாங்குகிறாய். ஒன்று படம். இன்னொன்று, அதை முகம் தெரியாத ஒருவர் எப்படியோ பூட்டிவைத்த பெட்டி. பெட்டி நன்றாக இருந்தால் படம் பல தலைமுறை இருக்கும். மோசமாக இருந்தால், உன் சுவரில் தொங்கும்போதே உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருக்கும்.

கடைக்குப் போனதும் அந்தப் படகுப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கித் தரச் சொல். முதலில் பின்பக்கத்தைப் பார். மூடியிருக்கும் தாள் கிழியாமல் இருக்கிறதா? பழைய படம் என்று சொல்லிவிட்டுப் பின்னால் புத்தம்புதுத் தாள் ஒட்டியிருந்தால் அதை வைத்தே ஏமாற்று என்று சொல்ல முடியாது; ஆனால் எப்போது பிரித்தார்கள், எதற்காகப் பிரித்தார்கள் என்று கேட்டே ஆக வேண்டும். சட்டம் போட்டவரின் சீட்டு, காட்சிக்கு வைத்த இடத்தின் முத்திரை, பென்சிலில் எழுதிய தலைப்பு ஏதாவது இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொள். அந்தச் சீட்டுகளை எந்தக் காலத்திலும் கிழித்தெறியாதே. படம் எங்கெங்கே இருந்தது என்பதற்கு அவைதான் சாட்சி.

நெளி அட்டைப் பெட்டியை வெட்டி முதுகில் வைத்திருந்தால் அதன் வரிகள் நாளடைவில் படத்தின் மேலேயே கோடு கோடாகத் தெரியவரும். வெறும் பலகை வைத்திருந்தால் மரத்தின் கணு இருக்கும் இடத்தில் பழுப்பு வட்டம் விழும். இதற்கெல்லாம் காரணம் மரம்தான். 1844இல் கெல்லர் என்ற ஜெர்மானியர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அதன் பிறகுதான் தாளும் அட்டையும் மலிவாக வர ஆரம்பித்தன. அந்தக் கூழோடு, மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளும் சேர்ந்தே வருகிறது. அது வெளிச்சத்திலும் காற்றிலும் பழுத்து அமிலமாகி, தொட்டுக்கொண்டிருக்கும் தாளையும் அரிக்கும். என் படத்துக் கோடு அப்படி வந்ததுதான். பருத்தி நாரில் செய்த மவுண்ட் என்றால் இந்தப் பயம் இல்லை. முகத்தைக் கிட்டே கொண்டுபோய் அந்தச் சாய்வு விளிம்பைப் பார். படம் பல வருடம் பழையதாக இருந்து விளிம்பு இன்னும் வெள்ளையாகவே இருந்தால் நல்ல அட்டை. பழுத்திருந்தால் மவுண்டை மாற்றியே தீர வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடு.

அடுத்தது, என்னைக் கவிழ்த்த விஷயம். படத்தை உள்ளே எப்படிப் பிடித்து வைத்திருக்கிறார்கள்? தாளின் மேல் ஓரத்தில் இரண்டே இடத்தில், மெல்லிய ஜப்பானியத் தாளைக் கீல் மாதிரி வைத்து, கோதுமை ஸ்டார்ச்சில் காய்ச்சிய பசையால் ஒட்டியிருந்தால் அதுதான் சரி. வேண்டும்போது ஈரம் காட்டிப் பிரித்துவிடலாம். காற்றில் ஈரம் ஏறினால் தாள் விரியும், குறைந்தால் சுருங்கும். கீழே தொங்கிக்கொண்டு இருந்தால்தான் அதற்கு இடம் கிடைக்கும். நாலு ஓரத்தையும் ஒட்டிவிட்டால் நடுவில் அலை அலையாகப் புடைக்கும். செல்லோடேப் போட்டிருந்தால் இன்னும் மோசம். அதன் பசை தாளுக்குள் இறங்கி எண்ணெய்க் கறை மாதிரி ஊடுருவிவிடும். பழைய நீர்வண்ணப் படம் ஒன்று பலகை மாதிரித் துளி நெளிவும் இல்லாமல் இருந்தால், முழுக்க ஒட்டியிருக்கிறார்களோ என்று எனக்கு இப்போதெல்லாம் சந்தேகம் வந்துவிடுகிறது.

இதை மூடிய நிலையில் பார்க்கவே முடியாது. ஆகவே பிரித்துக் காட்டச் சொல். கூச்சப்படாதே. சட்டம் போடத் தெரிந்தவருக்கு ஆணியை எடுத்து மறுபடி அடிப்பது சின்ன வேலை. விற்பவர் மறுத்தால், படம் ஒட்டப்படவில்லை, திறந்து பார்த்து வேறு மாதிரி இருந்தால் திருப்பித் தரலாம் என்று பில்லில் எழுதி வாங்கு. அதற்கும் சம்மதிக்கவில்லையா, எவ்வளவு பிடித்திருந்தாலும் விட்டுவிட்டு வா.

பிரிக்கும்போது இன்னொன்றையும் மறக்காமல் பார்: மவுண்டுக்கு அடியில் மறைந்திருந்த ஓரத்தின் நிறம். பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1883இல் வரைந்த மதாம் லியோன் கிளாப்பிசோன் என்ற பெண்ணின் ஓவியம் சிகாகோ கலை நிறுவனத்தில் இருக்கிறது. அதைச் சட்டத்திலிருந்து வெளியே எடுத்தபோது, வெளிச்சம் படாமல் சட்டத்துக்கு அடியில் இருந்த ஓரத்தில் மட்டும் அடர்ந்த சிவப்பு அப்படியே இருந்ததாம். மற்ற இடத்திலெல்லாம் பின்புலம் வெளிறிப் போயிருந்தது. கோச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுத்த கார்மைன் நிறம் அது, வெளிச்சத்தைத் தாங்காது. எண்ணெய் வண்ணத்துக்கே இந்தக் கதி என்றால் நீர்வண்ணத்தின் மெல்லிய பூச்சுக்குச் சொல்லவே வேண்டாம். படகுகளுக்கு மேலே சாம்பல் நீலமாக மாலை வானம், அந்த அமைதிதான் பிடித்தது என்று எழுதியிருந்தாய். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் அங்கே இளஞ்சிவப்பு ஒளிந்திருக்கலாம். இருந்தாலும் உனக்குப் படம் பிடிக்கலாம். ஆனால் ஓவியர் வரைந்த வானம் எது என்று தெரிந்து வாங்கு.

கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. மவுண்ட் அழகுக்கு மட்டும் இல்லை, அந்த இடைவெளிக்கும்தான். ஒட்டிக்கொண்டிருந்தால் உள்ளே வியர்க்கும் ஈரம் நேரே தாளில் இறங்கிப் பூஞ்சை பிடிக்கும். பழைய புகைப்படம் என்றால் அதன் ஜெலட்டின் பூச்சு கண்ணாடியோடேயே ஒட்டிப்போகும். அதை இழுத்துப் பிரிக்க நீ முயலவே கூடாது. நகத்தால் தட்டிப் பார், சில்லென்று கணீர் ஒலி வந்தால் கண்ணாடி, மந்தமாக இருந்தால் அக்ரிலிக். அக்ரிலிக் லேசானது, உடைந்து படத்தைக் கிழிக்காது. ஆனால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறித் தூளை இழுக்கும், அதனால் பேஸ்டல் என்ற வண்ணக்கட்டியால் தீட்டிய படங்களுக்கும் கரித்தூள் படங்களுக்கும் ஆகாது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி என்று சொல்லி விற்பார்கள். நல்லதுதான், வாங்கலாம். ஆனால் அதைப் போட்டுவிட்டோம் என்று வெயில் விழும் சுவரில் மாட்டிவிடாதே. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நிறத்தைத் தின்னும். அருங்காட்சியகங்களில் தாளில் வரைந்த படங்களுக்கு 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் வேண்டாம் என்பது பொதுவான வழக்கம்; லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு. முதலில் நுழையும்போது இருட்டாகத் தோன்றுமே, அந்த அளவு.

கையால் வரைந்ததுதானா என்று கேட்டிருந்தாய். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று எடுத்துப் போ. கண்ணாடிக்கு மேலிருந்தே பார்க்கலாம். நிறம் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பூப்போல வட்டம் கட்டி நின்றால் அச்சு. தூவின மாதிரி நுண்புள்ளிகளாக இருந்தால் கணினி அச்சு. தூரிகையில் வரைந்ததில் நிறம் தாளின் குழிகளில் தேங்கி, விளிம்பில் சற்று அடர்ந்து காயும். கையெழுத்தையும் அப்படியே பார்; பென்சில் என்றால் சாய்த்தால் மினுங்கும். 12/75 என்று எண் போட்டிருந்தால் அது அச்சுப் படம், மொத்தம் எழுபத்தைந்தில் ஒன்று என்று பொருள். அப்போது தாளின் ஓரங்களை மவுண்டுக்குப் பொருந்த வெட்டியிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். ஓரம் வெட்டிய அச்சுப் படத்துக்கு மதிப்பு குறைவு.

தங்கைக்கென்று பார்த்த சின்ன எண்ணெய் ஓவியத்துக்கு இவ்வளவு தேவையில்லை. துணி தொய்ந்திருக்கிறதா, பின்பக்க மூலைகளில் இழுத்துப் பிடிக்கும் மர ஆப்புகள் எல்லாம் இருக்கின்றனவா, கிழிசலுக்கு ஒட்டுப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்தால் போதும். சட்டத்தில் பொருத்துவதற்காகத் துணியின் ஓரத்திலேயே ஆணி அடித்திருந்தால் வேண்டாம். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் வண்ணம் உரிந்து எழும்பியிருப்பது தெரிந்துவிடும்.

மரத்தை மறந்துவிட்டேன். சட்டத்தின் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து மெல்ல முறுக்கிப் பார், இணைப்பு அசையக் கூடாது. ஊசி நுழைகிற அளவு ஓட்டைகளும் கீழே மாவு மாதிரித் தூளும் இருந்தால் உள்ளே வண்டு இருக்கிறது, வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதே. தொங்கவிடும் கம்பி இழை பிரிந்திருந்தால் மாற்றிவிடு. என் பாலம் இப்போது பருத்தி மவுண்டில், அதே கருமரச் சட்டத்துக்குள்தான் இருக்கிறது. சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பழுப்புக் கோடு தெரியாமல் புது மவுண்டின் சன்னலைச் சின்னதாக வெட்டட்டுமா என்று அந்தக் காகிதப் பாதுகாப்புக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். அது தெரியட்டும்.

மகளுக்குப் புது வேலை பிடித்திருக்கிறதா? உன் அம்மாவின் முழங்கால் வலி எப்படி? போன கடிதத்தில் ஒரு வரியோடு நிறுத்திவிட்டாய். இந்தத் தடவை விரிவாக எழுது.

படகுப் படத்தில் கையெழுத்தின் பாதி மவுண்டுக்குள் மறைந்திருக்கிறது என்று சொன்னாயே, அது என் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. வேறு எதை விட்டாலும் அதைத் தூக்கிப் பார்க்காமல் பணம் கொடுத்துவிடாதே. பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. நல்ல கண் ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி